பத்தே காலுக்கு வந்த வான்கோழி

இரண்டு வருடம் வெறுங்கையோடு திரும்பியவன் நான். பெரிய வேட்டைக்காரன் கதையை எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

மிசௌரியின் தெற்கே, ஓசார்க் மலைப்பகுதியில் டெக்சஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). பெயர்தான் டெக்சஸ், இருப்பது மிசௌரியில். என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவருக்கு அங்கே பரம்பரை நிலம் உண்டு. வசந்த கால வான்கோழி வேட்டை ஏப்ரல் மூன்றாவது திங்களன்று தொடங்கி மூன்று வாரம் நடக்கும். 2024-இல் நாங்கள் போனது இரண்டாவது வாரம்.

இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் நுழைந்தோம். அதற்கு முன்பே என் சிவப்புக் கைக்குட்டையைப் பெரியவர் பிடுங்கி காரில் போட்டுவிட்டார். ஆண் வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அந்த நிறம் நம் மேல் எங்கே தெரிந்தாலும் இன்னொரு துப்பாக்கி நம் பக்கம் திரும்பலாம். தோளைவிட அகலமான ஓக் மரமாகப் பார்த்து, அதில் முதுகைச் சாய்த்து உட்காரச் சொன்னதற்கும் பாதி காரணம் இதுதான்.

பெரியவர் ஆந்தை மாதிரி குரல் கொடுத்தார். ஆந்தைச் சத்தம் கேட்டால் மரத்தில் அடைந்திருக்கும் சேவல் தன்னை அறியாமல் பதிலுக்குக் கத்திவிடும். மூன்றாவது குரலுக்கு, மேட்டுப்பக்கம் 150 கஜம் தள்ளி, குடத்திலிருந்து தண்ணீர் கவிழ்ந்த மாதிரி ஒரு கத்தல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பெட்டையின் குரலை எழுப்ப என்னிடம் இருந்தது கையகல வட்டச் சிலேட்டும் ஒரு மரக்குச்சியும். சிலேட்டில் குச்சியைக் கிரீச்சிட்டு வாத்தியாரிடம் அடி வாங்கிய எனக்கு, இந்த வயதில் அதுவே வித்தையாகிவிட்டது! மூன்று தடவை தேய்த்தேன். சேவல் பதில் சொன்னது. விடிந்ததும் இறக்கைகள் படபடவென்று அடிக்க, கீழே இறங்கிய சத்தம் கேட்டது. அப்புறம் நிஜப் பெட்டைகளோடு எதிர்ப்பக்கமாகப் போய்விட்டது.

முந்தைய இரண்டு வருடமும் நான் கெடுத்தது இந்த இடத்தில்தான். ஒரு தடவை பின்னாலேயே போய் அதன் கண்ணில் பட்டேன், இன்னொரு தடவை விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இயற்கையில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நாம் சேவலை வரச் சொல்கிறோம், அதுவே தலைகீழ் வழக்கம். அதிகமாகக் கூப்பிட்டால், "வருகிறாள், வரட்டும்" என்று அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பெரியவர் காதில் சொன்னார்: "நீ இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் சும்மா இரு."

சரி என்று சும்மா இருந்தேன். மூன்றரை மணி நேரம். கால் மரத்துப்போனது. உண்ணிகள் வேறு. அந்தப் பக்கத்து உண்ணி கடித்து ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் இருக்கிறார்கள். மட்டன் பிரியாணியை இழக்கப் பயந்து கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிடப் போய்விட, சேவல் தனியாகும். பத்து மணிக்கு ஒரே ஒரு தடவை மெதுவாகத் தேய்த்தேன். பதில் இல்லை. பத்தே காலுக்கு இடதுபக்கம் 'ம்ம்ம்' என்று ஓர் அதிர்வு. காதில் விழுவதைவிட நெஞ்சில்தான் தெரியும். குரலே கொடுக்காமல் வந்து நின்றது. வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனியால் சருகைக் கீறிக்கொண்டு நடந்தது. மயிலைப் பார்த்து ஆடியது என்று இதைப் பழித்துவிட்டோம், பாவம். இது யாரைப் பார்த்தும் ஆடவில்லை.

இமை அசைந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அதற்கு. அது முதுகைக் காட்டித் திரும்பி, விரித்த வால் அதன் பார்வையையே மறைத்த நொடியில்தான் துப்பாக்கியை நகர்த்தினேன். முப்பது கஜம். சிலிர்த்து நிற்கும்போது கழுத்து உள்ளிழுத்திருக்கும், அப்போது சுடக்கூடாது. பெரியவர் நாக்கால் ஒரு 'டொக்' போட்டார். கழுத்து நிமிர்ந்தது. சுட்டேன். விழுந்த இடத்திலேயே முடிந்தது.

22 பவுண்டு. நெஞ்சில் தொங்கும் தாடி பத்தரை அங்குலம், கால்முள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வேட்டை அனுமதிச் சீட்டில் அன்றைய தேதியில் வெட்டுக்குறி போட்டுவிட்டு, இரவு பத்து மணிக் கெடுவுக்கு முன்பே போனில் பதிவு செய்தோம்.

தோளில் போட்டுத் திரும்பும்போது பெரியவர் சொன்னார்: 1950-களில் மிசௌரி முழுக்க 2,500 வான்கோழிகூட இல்லை. மிச்சம் இருந்ததைப் பிடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டுப் பெருக்கினார்கள். 1960-இல் மறுபடி வேட்டை திறந்தபோது 14 கவுண்டி, மூன்றே நாள், கிடைத்தது 94. அவருடைய அப்பா சின்ன வயதில் வான்கோழியைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம்.

நெஞ்சுக்கறி அவருக்கு, கால்கள் எனக்கு. குக்கரில் எட்டு விசில் விட்டும் விறைப்பாகவே இருந்தது. இன்னும் நாலு விசில் விட்டு மிளகுக்குழம்பு வைத்தேன். மகள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.

*

மேலே எழுதியவர் மூன்றரை மணி நேரம் காத்திருந்தாராம். எனக்கு வான்கோழி வாசலிலேயே நிற்கிறது! பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைனில் இருக்கிறோம். மாசசூசெட்ஸில் அடியோடு அழிந்துபோன பறவை. 1972-73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்களாம், இப்போது தெருவே அவற்றுடையது. வசந்தம் வந்தால் பளபளக்கும் காரில் தன் உருவத்தைப் பார்த்துப் போட்டிச் சேவல் என்று கொத்தும். போன வாரம் என்னைப் பஸ் நிறுத்தம் வரை துரத்தியது. பயந்து ஓடினால் நம்மை இளப்பமாக நினைக்குமாம், துடைப்பத்தை ஆட்டி விரட்ட வேண்டுமாம். இப்போது வாசற்படி ஓரத்தில் ஒரு விளக்குமாறு நிரந்தரமாக நிற்கிறது.