கொல்லிமலையில் பைபர் வராத வீடு: மாதம் 700 ரூபாய்க்குள் இணையம் கிடைக்க வழி உண்டா?

மிளகுக்கொடி:

வணக்கம். எங்கள் வீடு செம்மேட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு மேடு மறைக்கிறது. நாமக்கல்லில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குகளைப் பதிந்து கொடுக்கிறேன். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் ஊரை விட்டு நகர முடியாது.

இப்போதைக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். ஜன்னல் கம்பியில் ஒரு துணிப்பையைக் கட்டி அதற்குள் கைப்பேசியை வைத்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். நாளுக்கு 2 ஜிபி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு 64 கேபிபிஎஸ் வேகத்தில் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. மாதாமாதம் 11, 20 தேதிகளில் தாக்கல் நெருக்கடி. பாதியில் இணைப்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து உள்ளே நுழைய வேண்டும்.

பைபர் கேட்டுப் பார்த்தேன். செம்மேட்டின் பின்கோடே எங்களுக்கும் என்பதால் ஒரு நிறுவனத்தின் செயலி ‘சேவை உண்டு’ என்று காட்டியது. ஆள் வந்து பார்த்துவிட்டு, கம்பம் இல்லை என்று திரும்பிப் போய்விட்டார். எனக்கு 10 எம்பிபிஎஸ் அறுபடாமல் வந்தால் போதும். தொடக்கச் செலவு 5,000 ரூபாய் வரை தாங்கும். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற லைன்மேன்:

அம்மா, எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். கைப்பேசியில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கைப்பேசியும் தன் விருப்பப்படி கோடு காட்டும். ஆண்ட்ராய்டு என்றால் *#*#4636#*#* என்று அழுத்துங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் சிக்னலின் வலு. மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115 என்றால் கைவிட வேண்டியதுதான். பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்ற எண் தெரிந்தால் அதையும் எழுதுங்கள், அது சிக்னலின் தெளிவு. அது பத்துக்கு மேல் இருக்க வேண்டும். சிக்னல் வலுவாக இருந்தும் இணையம் திணறினால் இதில்தான் கோளாறு.

ஜன்னல், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி மேடை, தோட்டத்து வரப்பு என்று எல்லா இடத்திலும் எடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் வேறு நிறுவன சிம் இருந்தால் இரவல் வாங்கி அதையும் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட வேண்டாம்.

ஏற்காட்டுக்காரன்:

5ஜி டவர் அருகில் இருந்தால் ஏர்பைபர் (ஒயர் இழுக்காமல் 5ஜி வழியாக வீட்டுக்கு வரும் இணையம்) போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது. அது இல்லையென்றால் இணையத்தில் 2,500 ரூபாய்க்கு சிக்னல் பூஸ்டர் விற்கிறார்கள். என் மாமா வீட்டில் நன்றாக வேலை செய்கிறது.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

தம்பி, பூஸ்டர் யோசனையைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த மலிவுப் பெட்டி டவரை நோக்கிக் கத்திக்கொண்டே இருக்கும். அதே டவரை நம்பியிருக்கும் மற்ற வீடுகளுக்கும் அழைப்பு அறுபடும். சிம் போடும் ரவுட்டரை உயரத்தில் வைப்பதோ, அதற்கு வெளி ஆன்டெனா மாட்டுவதோ வேறு விஷயம். அதில் தவறில்லை.

மிளகுக்கொடி:

அளந்துவிட்டேன் ஐயா. என் சிம்: ஜன்னலில் மைனஸ் 109, எஸ்ஐஎன்ஆர் 3. தொட்டி மேடையில் மைனஸ் 98, எஸ்ஐஎன்ஆர் 9. அப்பாவின் பிஎஸ்என்எல் சிம்மைத் தொட்டி மேடையில் போட்டால் மைனஸ் 89, எஸ்ஐஎன்ஆர் 14! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த சிம்மைப் பேச மட்டுமே வைத்திருந்தோம். ‘பேண்ட் 28’ என்று காட்டுகிறது. 5ஜி எங்குமே இல்லை, ஆகவே ஏர்பைபர் பேச்சுக்கு இடமில்லை.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

பேண்ட் 28 என்றால் 700 மெகாஹெர்ட்ஸ். அலைவரிசை குறையக் குறைய அலை மேட்டைச் சுற்றி வளைந்து இறங்கும், சுவருக்குள்ளும் நுழையும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலை உங்கள் மேட்டிலேயே முட்டி நின்றுவிடும். டவர் வசதியே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, பொறுப்பை பிஎஸ்என்எல்லிடம் விட்டது. அதன் பிறகு பல மலைப்பகுதிகளில் நிலைமை மாறியிருக்கிறது. பழைய அனுபவத்தை வைத்து எந்த சிம்மையும் ஒதுக்கிவிடக் கூடாது.

இப்போதும் எதையும் வாங்காதீர்கள். அந்த சிம்மைப் பழைய கைப்பேசி ஒன்றில் போட்டு, தொட்டி மேடையில் நிழலில் வைத்து, கீழே மடிக்கணினியில் ஒரு வாரம் வேலை பாருங்கள். மாலை ஏழிலிருந்து பத்து மணி வரை எப்படி இருக்கிறது என்று முக்கியமாகக் கவனியுங்கள். ஊரே காணொளி பார்க்கும் நேரத்தில் தாக்குப்பிடித்தால் ரவுட்டருக்குச் செலவழிக்கலாம்.

வாங்கும்போது பெட்டியின் மேல் பேண்ட் 28 எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் அது இருக்காது. வாங்கிய பிறகு அழுது பயனில்லை. மேலே ஆன்டெனா, கீழே ரவுட்டர் என்று பிரிக்காமல், மழை தாங்கும் வெளிப்புற ரவுட்டராகவே வாங்கி மேலே பொருத்துங்கள். ஆன்டெனா ஒயரில் பத்து மீட்டருக்குள்ளேயே சிக்னல் கரையும். நெட்வொர்க் ஒயர் நூறு மீட்டர் வரை தாங்கும். மின்சாரமும் அதே ஒயரில் மேலே போகும்.

கேபிள் ஆபரேட்டர், சேந்தமங்கலம்:

தங்கையே, பைபரை அதற்குள் கைவிட வேண்டாம். கண்ணாடி இழைக்குத் தூரம் பெரிய சிக்கல் இல்லை. 20 கிலோமீட்டர் வரை ஒளி போகும். கம்பமும் ஆள் கணக்கும்தான் சிக்கல். ஒரு வீட்டுக்காக யாரும் ஒரு கிலோமீட்டர் இழுக்க மாட்டார்கள். ஐந்து வீடு சேர்ந்தால் நானே இழுப்பேன்.

சாலையோரக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, பைபர் வரும் கறுப்பு ஒயர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பள்ளி, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் என்று ஏதாவதொரு இடத்தில் நிற்கும். பாரத்நெட் என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்திருக்கிறதா என்று எழுத்தரிடம் கேளுங்கள். நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் பேசினால் பின்கோடு பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உள்ளூர் ஆபரேட்டரைப் பிடியுங்கள்.

பணம் பேசும்போது: விளம்பரத்தில் 449 என்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 530 ஆகிவிடும். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை! வீட்டில் வைக்கும் பைபர் பெட்டிக்கு வாடகையா வைப்புத்தொகையா, இலவச நீளத்துக்கு மேல் ஒயருக்கு மீட்டர் என்ன விலை என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கேட்டால், பெட்டியில் விளக்கு எரிந்து இணைப்பு வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்.

மிளகுக்கொடி:

இரண்டையும் செய்து பார்த்தேன். தொட்டி மேடைக் கைப்பேசி பகலில் 14, 15 எம்பிபிஎஸ் தருகிறது. இரவில் 6க்கு இறங்குகிறது. என் வேலை பகலில் என்பதால் இந்த மாதத் தாக்கலை அதிலேயே முடித்துவிட்டேன். கறுப்பு ஒயர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், பள்ளிக்கூடத்தோடு நிற்கிறது. அந்த ஆபரேட்டரும் ஐந்து வீடு கேட்கிறார். மூன்று வீடு சம்மதித்திருக்கிறது. நான்காவது வீட்டு அண்ணன் பலா அறுவடைப் பணம் வரட்டும் என்கிறார். அதுவரை ரவுட்டர் வாங்காமல் கைப்பேசியிலேயே ஓட்டலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம்: இங்கே இடி அதிகம். பைபர் வந்தால் இடி இறங்குமா?

கேபிள் ஆபரேட்டர், சேந்தமங்கலம்:

கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் இழையோடு சேர்ந்து, இழுத்துக் கட்டுவதற்காக ஓர் இரும்புக் கம்பி வரும். அதை வீட்டுக்கு வெளியே கொக்கியிலேயே கட்டி அறுத்துவிட வேண்டும். சில பையன்கள் சோம்பல்பட்டு அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்டிக்கு மின்சாரம் வரும் வழியும் ஆபத்துதான். வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தொட்டி மேடைக் கைப்பேசியையும் கீழே இறக்கிவிடுங்கள்.