வில்லனை ஸ்பைடர்மேனாக ஏற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: 2012 டிசம்பரில் வெளிவந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸின் 700ஆம் இதழில், சாகும் தறுவாயில் இருந்த வில்லன் டாக்டர் ஆக்டோபஸ், தன் மனதைப் புகுத்தி ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் உடலை நிரந்தரமாகக் கைப்பற்றியதை வாசித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. அவனை நாயகனாக ஏற்றுக்கொள்வது எப்படி?

பதில் 1: பீட்டரின் நினைவுகள் அனைத்தும் அவனுக்குள் பாய்ந்ததால்தான் பொறுப்புணர்வும் அவனைப் பற்றிக்கொண்டது. ஆயினும், நகரெங்கும் வேவு இயந்திரங்களை உலவவிட்டதும், மாசக்கர் என்ற கொலைகாரனைச் சுட்டுக் கொன்றதும், பீட்டர் ஒருநாளும் செய்யத் துணியாத செயல்கள். என்னால் ஏற்க இயலவில்லை.

பதில் 2: 1987இல் கிரேவன் என்ற வேட்டைக்கார வில்லன், ஸ்பைடர்மேனை மண்ணில் புதைத்துவிட்டு அவனது உடையில் திரிந்த கதையே எனக்கு ஆழமானது. அவன் நாடியது எதிரியைவிடத் தான் மேலானவன் என்ற நிரூபணத்தை மட்டுமே.

பதில் 3: 2014இல், தன் காதலி அன்னா மரியாவைக் காப்பாற்றத் தன்னால் இயலாது என்று உணர்ந்த ஆக்டோபஸ், தானாகவே உடலைப் பீட்டரிடம் ஒப்படைத்து மறைந்த கட்டத்தில் நான் கண்கலங்கினேன். அந்த ஒரு கணத்தில் அவனை நாயகனாகவே ஏற்கிறேன்.