நம்ம குடும்பம் குரூப்: காலி கேஸ் டப்பாவை நிரப்பலாமா?

கார்த்தி (8:14): சித்தப்பா, மலையேறப் போறப்ப எடுத்துட்டுப் போற சின்ன அடுப்போட திருகு டப்பா காலி. ஆன்லைன்ல ஒரு பித்தளை அடாப்டர் விக்குறாங்க. கேசட் அடுப்புல (டப்பாவைப் பக்கத்துல படுக்க வெச்சு மாட்டுற மேசை அடுப்பு) போடுற நீள டப்பாவுல இருந்து இதுக்குக் கேஸை மாத்திக்கலாமாம். வாங்கவா?

பாஸ்கர் சித்தப்பா (8:21): வேண்டாம்டா. டப்பாவைத் திருப்பிப் பாரு, மறுபடி நிரப்பக் கூடாதுன்னு அச்சடிச்சிருக்கும்.

கார்த்தி (8:22): புது டப்பா விக்கணும்னுதான் அப்படிப் போடுறாங்கன்னு வீடியோவுல சொல்றாங்களே 😄

பாஸ்கர் சித்தப்பா (8:29): வீடியோக்காரன் தராசு வெச்சிருந்தானா, அதைச் சொல்லு முதல்ல.
திரவம் முழுசா நிறைஞ்ச டப்பாதான் ஆபத்து. உள்ளே கேஸ் திரவமா இருக்கும், மேல கொஞ்சம் காலி இடம் இருக்கணும். சூடானா திரவம் பெருகும், அது போய் உட்கார அந்த இடம் வேணும். நீ பாக்குற வீடியோவுல காலி டப்பாவை ஃப்ரீசர்ல வெச்சு, சில்லுன்னு ஆனதும் நிரப்புவாங்க. ஃப்ரீசர் குளிர்ல இருந்து 40 டிகிரி வெயிலுக்கு வர்றதுக்குள்ள பியூட்டேன் 10 சதவீதத்துக்கு மேல பெருகிடும். விளிம்பு வரைக்கும் நிரப்பியிருந்தா அது எங்க போகும்? தண்ணி மாதிரிதான், திரவத்தை அமுக்க முடியாது. தகரம்தான் கிழியணும்.
வெளியில இருந்து பார்த்தா அளவு தெரியாது. கையில தூக்கிப் பார்த்தும் தெரியாது.

நித்யா அக்கா (8:33): சித்தப்பா சொல்றதோட இன்னொண்ணு. வால்வு. அது ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர், அவ்வளவுதான். ஒரு டப்பா கேஸ் தீர்ற வரைக்கும் தாங்கினா போதும்னு செஞ்சது. நிரப்புறப்ப ஒரு மணல் துகள் அந்த ரப்பர்ல உட்கார்ந்தாலும் மெதுவா கசியும். பைக்குள்ள கிடக்குறப்ப யாருக்குத் தெரியும்? வீட்டு சிலிண்டரைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை பண்ணுவாங்க. இதுக்கு அப்படி எதுவும் கிடையாது.

கார்த்தி (8:35): எடை பார்த்து நிரப்பினா?

நித்யா அக்கா (8:41): எடை பார்த்தா பாதி ஆபத்துதான் குறையும். வால்வும், அடியில பிடிக்குற துருவும் அப்படியேதான் இருக்கும்.
கேஸும் ஒண்ணா இருக்கணும். நீள டப்பாவுல பெரும்பாலும் பியூட்டேன். திருகு டப்பாவுல ஐசோபியூட்டேனோட புரொப்பேன் கலந்திருக்கும். 20 டிகிரியில பியூட்டேனோட அழுத்தம் சுமார் 2 பார், புரொப்பேனோடது 8 பாருக்கு மேல. கலவையை நீள டப்பாவுல ஏத்துறதோ, புரொப்பேனை இந்த ரெண்டுல எதுலயாவது ஏத்துறதோ, வெடிகுண்டு செய்யுற வேலை.
லைட்டருக்கு ஊத்துற கேஸும் வேண்டாம். அதுல வாசனை குறைவா இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. கசிஞ்சா மூக்குக்குத் தெரியாது.

பாஸ்கர் சித்தப்பா (8:44): உனக்கு வேணும்னா வேற அடாப்டர் இருக்கு. நீள டப்பாவை நேரா அடுப்புல மாட்டுற வகை. நிரப்புற வேலையே இல்லை, மலிவு டப்பாவை அப்படியே எரிக்கலாம். உன் அடுப்பு குழாய் வெச்சதா, டப்பா தலையிலயே உட்கார்றதா?

கார்த்தி (8:45): குழாய் வெச்சது

பாஸ்கர் சித்தப்பா (8:50): அப்போ நல்லது. டப்பாவைப் படுக்க வெச்சு, வாய் விளிம்புல இருக்கற காடி, அதாவது சின்ன வெட்டு, மேல பார்க்கணும். உள்ளே வளைஞ்ச குழாய் ஒண்ணு அந்தக் காடிப் பக்கம் பார்த்திருக்கும், மேல இருக்கற ஆவியை மட்டும் எடுக்கும். காடி கீழ போனா அடுப்புக்குத் திரவமா வந்து ஆள் உயரத்துக்கு எரியும். குளிர் ஜாஸ்தியா இருந்தா இது உதவாது. பியூட்டேன் கொதிநிலை -0.5 டிகிரிதான், பூஜ்யம் கிட்ட வந்தாலே அடுப்பு முனகும்.

நித்யா அக்கா (8:52): ஐசோபியூட்டேன் -12 கிட்ட, புரொப்பேன் -42. குளிர் மலைக்குக் கலவை டப்பா வாங்குறது அதனாலதான். கலவையிலயும் புரொப்பேன் முதல்ல தீர்ந்துடும், டப்பா தீரப் போறப்ப சோம்பலா எரியும். எரியுறப்ப டப்பா தானாவே சில்லிட்டுப் போகும். வெதுவெதுப்பான தண்ணியில ஒரு விரல் உயரத்துக்கு நிக்க வெச்சா போதும். கை பொறுக்காத சூடுன்னா ஊத்தாதே. நெருப்புல காட்டவே காட்டாதே.

மீனா அத்தை (8:58): பாஸ்கர், வீட்டுல இருக்கற கேசட் அடுப்புக்கும் இதெல்லாம் உண்டா? அகலமான சட்டி வெச்சுதான் சமைக்கிறேன்.

பாஸ்கர் சித்தப்பா (9:04): அக்கா, அதைத்தான் முதல்ல நிறுத்தணும். சட்டி டப்பா அறை மேல நீட்டிட்டு இருந்தா அடிச்சூடு நேரா டப்பா மேல இறங்கும். அழுத்தம் ஏறினா டப்பா தானா கழண்டுக்குற அமைப்பு நல்ல அடுப்புல இருக்கும், ஆனா அதை நம்பிச் சமைக்கக் கூடாது. ரெண்டு அடுப்பைச் சேர்த்து வெச்சு ஒரு பெரிய கல்லைப் போடுறதும் கூடாது. அடுப்பைச் சுத்தி அலுமினியத் தாள் சுத்துறதும், அதுல கரி பத்த வைக்கறதும் அப்படித்தான்.
காற்றுத் தடுப்பும் இதே கதைதான் கார்த்தி. டப்பாவைச் சேர்த்துச் சுத்திலும் மறைச்சிடாதே, ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். நடுவுல டப்பாவைத் தொட்டுப் பாரு. வெதுவெதுப்பா இருந்தா சரி. கை வைக்க முடியலைன்னா உடனே அணை.

கார்த்தி (9:07): மாட்டுறப்ப என்ன பார்க்கணும்?

நித்யா அக்கா (9:13): அடுப்புக் குமிழை மூடிக்கோ. அடுப்போட வாயில இருக்கற ஓ-ரிங்கை, அதான் கேஸ் கசியாம அடைக்கற ரப்பர் வளையத்தை, பாரு, வெடிப்போ தட்டையான இடமோ இருந்தா மாத்து. டப்பாவை நேரா நிறுத்தி மரை கோணாம கையாலத்தான் திருகணும், இடுக்கி வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினா அந்த ரப்பர்தான் போகும். திருகுறப்ப ஒரு நொடி ‘புஸ்’ கேக்கும், அது சரி. அப்புறமும் கேட்டா கழட்டு. சோப்புத் தண்ணி தடவு, குமிழி வந்தா லீக். தீக்குச்சி வெச்சு எல்லாம் பார்க்காதே.
இதெல்லாம் வெளியில, நெருப்பு எதுவும் இல்லாத இடத்துல. பியூட்டேன் காத்தைவிட ரெண்டு மடங்கு கனம், தரையோட ஊர்ந்து பள்ளத்துல தேங்கும்.
கூடாரத்துக்குள்ள அடுப்பு கூடாது. தீ மட்டும் பிரச்சினை இல்லை, எரியுறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, குமட்டல்னா உடனே வெளிய வரணும்.

மீனா அத்தை (9:16): எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எப்படித் தெரியும்?

பாஸ்கர் சித்தப்பா (9:21): புதுசா வாங்கினதும் தராசுல போட்டு, வந்த எடையை டப்பா மேல மார்க்கர்ல எழுதிக்கோங்க அக்கா. அதுல இருந்து கேஸ் எடையைக் கழிச்சா காலி டப்பா எடை. காத்தில்லாத இடத்துல ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க 15 கிராம் கிட்ட ஆகும்னு வெச்சுக்கோங்க. 230 கிராம் டப்பான்னா 15 லிட்டர். தராசு இல்லைன்னா தண்ணியில மிதக்க விட்டுப் பாருங்க, கேஸ் குறையக் குறைய மேல எழும்பும்.

கார்த்தி (9:24): கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கற டப்பா நாலு கிடக்கு. அதை ஒண்ணாச் சேர்க்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன்.

நித்யா அக்கா (9:26): சேர்க்காதே. கிளம்புறதுக்கு முன்னாடி வெளியில அடுப்புல மாட்டி, தண்ணி கொதிக்க வெச்சுத் தீர்த்துடு. முழுசாக் காலியானதும் உங்க ஊர்க் குப்பை விதி என்னவோ அதுபடி போடு. ஓட்டை போட்டுத் தரணும்னு சில இடத்துல கேப்பாங்க, சில இடத்துல போடவே கூடாதும்பாங்க. கேஸ் இருக்கற டப்பாவைக் குத்தாதே. விமானத்துல கைப்பையிலயும் சரி, பெட்டியிலயும் சரி, எடுத்துட்டுப் போக முடியாது. பாதி தீர்ந்ததுன்னாலும் அதேதான்.

பாஸ்கர் சித்தப்பா (9:28): கார்லயும் வெயில்ல விட்டுட்டுப் போகாதே. 50 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு டப்பாவுலயே இருக்கும். மூடின கார் அதைத் தாண்டிடும்.

கார்த்தி (9:30): சரி சித்தப்பா. ஓ-ரிங் கொஞ்சம் தட்டையாத்தான் தெரியுது.

பாஸ்கர் சித்தப்பா (9:31): அந்த அடுப்புக் கம்பெனி ரிங்கையே வாங்கு. தண்ணிக் குழாய் வாஷரை வெட்டிப் போடாதே, சாதாரண ரப்பர் இந்த கேஸ்ல ஊறி உப்பிடும்.