பெட்டித் தேனீக்கள் நலமாக இருக்கும்போது காட்டுத் தேனீக்கள் மட்டும் குறைவது ஏன்?

கேள்வி: பந்தல் விவசாயி, ஒட்டன்சத்திரம்

அனைவருக்கும் வணக்கம். பீர்க்கையும் பாகலும் பந்தலில் ஏற்றிப் பயிர் செய்து வருகிறோம். நடவு முடிந்ததும் வெள்ளை ஈயையும் அசுவினியையும் தடுக்க இமிடாகுளோபிரிட் கரைசலை வேர்ப்பகுதியில் ஊற்றுகிறோம். பூக்கத் தொடங்கிய பிறகு தேவைப்பட்டால் மாலையில் தெளிக்கிறோம். மகரந்தச் சேர்க்கைக்காக மார்த்தாண்டத்திலிருந்து வாங்கி வந்த தேனீப் பெட்டிகள் வரப்போரத்தில் இருக்கின்றன. அவற்றில் அடைகள் நிறைவாகவே உள்ளன. தேனீக்கள் கூட்டமாகச் செத்து விழுந்ததை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் முன்பு பூக்களில் தவறாமல் தென்பட்ட நீலப்பட்டைத் தேனீயும், வரப்பு மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீக்களும், மூங்கிலைத் துளைத்துக் குடியேறும் கருவண்டும் இப்போது அரிதாகிவிட்டன. பெண்பூக்கள் பலவும் பிஞ்சு பிடிக்காமல் மஞ்சளாகி உதிர்வதால், ஆள் வைத்து ஆண்பூவின் மகரந்தத்தை ஒற்ற வேண்டியிருக்கிறது. பெட்டித் தேனீக்கள் நன்றாக இருக்கும்போது மருந்தைக் குறை சொல்ல இடமுண்டா, அல்லது வேறு காரணத்தைத் தேட வேண்டுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பூச்சியியல் ஆய்வு மாணவி

ஐயா, பெட்டி நலமாக இருப்பது பெட்டியைப் பற்றி மட்டுமே சொல்லும். அதை வைத்து மற்ற தேனீக்களைப் பற்றி முடிவு செய்ய முடியாது. பெட்டியில் இரை தேடச் சென்ற பல நூறு வேலைக்காரத் தேனீக்கள் திரும்பாமல் போனாலும், ராணி தொடர்ந்து முட்டையிடுவதால் அந்த இழப்பு சில வாரங்களில் ஈடாகிவிடும். நீலப்பட்டைத் தேனீ போன்ற தனித்து வாழும் இனங்களில் ஒரே தாய்தான் வளை தோண்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையும் இடுகிறது. அந்தத் தாய் இறக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வழி தடுமாறினாலோ, மகரந்தம் சேர்ப்பதில் மந்தமானாலோ அடுத்த தலைமுறையே சுருங்கிவிடும். இமிடாகுளோபிரிட் பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மருந்து. ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே நானோகிராம். அதில் நான்கைந்து உள்ளே போனாலே ஒரு தேனீ சாகக்கூடும் என்றால், அதனினும் குறைந்த அளவு அதன் நடத்தையைக் குலைப்பதில் வியப்பில்லை.

இதைத் தெளிவாகக் காட்டிய கள ஆய்வு தெற்கு சுவீடனில் 2013ஆம் ஆண்டு நடந்து 2015இல் வெளியானது. இமிடாகுளோபிரிட்டின் குடும்பத்தைச் சேர்ந்த குளோதியானிடினும், பைரித்ராய்டு என்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லி ஒன்றும் பூசிய கடுகின விதையை எட்டு வயல்களிலும், பூசாத விதையை எட்டு வயல்களிலும் விதைத்து ஒப்பிட்டார்கள். விதை நேர்த்தி செய்த வயல்களில் காட்டுத் தேனீக்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அங்கே வைக்கப்பட்ட தனித்து வாழும் தேனீ இனம் ஒன்று, மருந்தில்லாத எட்டு வயல்களில் ஆறில் கூடு கட்டியது. மருந்துள்ள வயல்களில் ஒன்றில்கூடக் கட்டவில்லை. அதே வயல்களின் ஓரத்தில் இருந்த தேனீப் பெட்டிகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. நீங்கள் விவரிக்கும் நிலை ஏறக்குறைய இதுவேதான்.

உங்கள் வயலுக்கு இன்னும் நெருக்கமான சான்று கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து 2021இல் வந்தது. பூசணிக் குடும்பப் பூக்களையே நம்பி, அந்தத் தோட்டத்து மண்ணிலேயே வளை தோண்டும் ஒரு தேனீ இனத்தை வலைக்கூடாரங்களில் வைத்து ஆராய்ந்தார்கள். நடவின்போது இமிடாகுளோபிரிட் மண்ணில் இடப்பட்ட இடங்களில், மருந்திடாத இடங்களைவிட 85 விழுக்காடு குறைவான வளைகளே தோண்டப்பட்டன. பிறந்த குஞ்சுகள் 89 விழுக்காடு குறைந்தன. அதே ஆய்வில் விதை நேர்த்தியாக இட்ட, இமிடாகுளோபிரிட்டின் குடும்பத்தைச் சேர்ந்த தயாமீதாக்சமும், இலைவழி தெளித்த வேறு வகை மருந்தான குளோரான்ட்ரானிலிப்ரோலும் அளவிடத்தக்க பாதிப்பைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த மருந்து என்பதைப் போலவே, அது எந்த வழியில் இடப்படுகிறது என்பதும் முக்கியம். உலகின் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில்தான் கூடு வைக்கின்றன. வேரில் ஊற்றிய மருந்து மாதக்கணக்கில் மண்ணில் தங்கி, பூவின் மகரந்தம் வழியாகவும் வளையின் மண் வழியாகவும் அவற்றை இரு முனையிலும் தாக்குகிறது. பெட்டித் தேனீ மண்ணைத் தோண்டுவதே இல்லை.

பதில் 2: மானாவாரி விவசாயி, விளாத்திகுளம்

அம்மா சொன்ன ஆய்வுகளை மறுக்கவில்லை. ஆனால் பழியை மருந்தின் மீது மட்டும் போடுவது முழுமையாகாது என்பது என் கருத்து. எங்கள் பக்கத்தில் வரப்புகளையெல்லாம் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்கிவிட்டார்கள். உயிர்வேலி இருந்த இடத்தில் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். தும்பையும் ஆவாரையும் இல்லாத ஊரில் பயிர் பூக்காத மாதங்களில் தேனீ எதைத் தின்னும்? மேலும், வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் ஒரு முறை நுழைந்துவிட்டால் பந்தலுக்குப் போட்ட முதல் திரும்பாது. ஐரோப்பாவில் தடை செய்தார்கள் என்று கேட்டு நாமும் நிறுத்தினால், இழப்பைத் தாங்கப் போவது விவசாயிதானே?

பதில் 3: பூச்சியியல் ஆய்வு மாணவி

வரப்பும் வேலியும் பற்றி நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். உணவு குறைந்த தேனீ நஞ்சைத் தாங்கும் வலுவையும் இழப்பதால், இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. இருந்தாலும் மருந்தின் பங்கு சிறிதன்று. இங்கிலாந்தில் 62 காட்டுத் தேனீ இனங்களின் 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், மருந்து நேர்த்தி செய்த கடுகினப் பயிரில் இரை தேடும் இனங்கள் மற்ற இனங்களைவிட மும்மடங்கு பாதிக்கப்பட்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கட்டுப்படுத்திய இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயாமீதாக்சம் ஆகிய மூன்று மருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதையே 2018இல் தடை செய்ததற்கு, காட்டுத் தேனீக்களையும் உள்ளடக்கிய மதிப்பீடு அடிப்படையாக இருந்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் "தேனீக்குப் பாதுகாப்பானது" என்று சொல்லித் தரும் மருந்து பெரும்பாலும் பெட்டித் தேனீயினத்தில் மட்டுமே சோதிக்கப்பட்டிருக்கும். இதே குடும்பத்து மருந்தான தயாகுளோபிரிட்டைச் சிதைக்கும் நொதி பெட்டித் தேனீயிடம் உண்டு. இலைவெட்டித் தேனீ ஒன்றிடம் அந்த நொதிக் குடும்பமே இல்லை என்றும், அதனால் அந்த மருந்து அதற்கு 2,500 மடங்குக்கு மேல் கடுமையாகிறது என்றும் 2019இல் கண்டறிந்தார்கள். நம் துவரைப் பூவில் மகரந்தம் சேர்ப்பவற்றில் இலைவெட்டித் தேனீக்களும் முக்கியமானவை. மேலும், அசிட்டமிப்ரிட், தயாகுளோபிரிட் போன்றவற்றைச் சில பூசணக்கொல்லிகளோடு ஒரே தொட்டியில் கலந்தால், பெட்டித் தேனீக்கே நஞ்சு நூறு மடங்குக்கு மேல் ஏறுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரே நடையில் வேலை முடிகிறது என்று கலந்து அடிப்பதைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்

மாலையில் தெளிப்பது பற்றி யாரும் குறிப்பிடவில்லை. பாகற்பூ விடியற்காலையில் மலர்வதால் அதற்கு அந்த அறிவுரை ஓரளவு பொருந்தும். பீர்க்கைப் பூ மலர்வதே மாலையில்தான். அந்த நேரத்தில் தெளிக்கும் மருந்து புதிதாக விரிந்த பூவிலேயே விழுந்து, மறுநாள் காலையில் வரும் தேனீக்களுக்கும் கிடைக்கிறது. ஆகவே பூக்கும் பருவத்தில் பீர்க்கைக்கு எந்த நேரத்திலும் தெளிக்காமல் இருப்பதே நல்லது. வேரில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, நாற்றைக் குழித்தட்டில் வலைக்குள் வளர்த்து நட்டால், தேமல் நோய் அதிகம் பாதிக்கும் இளம் பருவத்தைப் பெரிதும் கடந்துவிடலாம். பழ ஈக்குக் கியூலூர் கவர்ச்சிப் பொறியை வைத்து, புழு விழுந்த காய்களை உடனுக்குடன் பறித்து ஆழமாகப் புதைத்தால், காய்க்கும் பருவத்தில் தெளிக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். வயலின் ஒரு பக்கத்து வரப்பையாவது உழாமலும் களைக்கொல்லி படாமலும் விட்டு வையுங்கள். மண்ணில் தங்கிய மருந்து கரையச் சில பருவங்கள் ஆகும் என்பதால், முதல் ஆண்டிலேயே மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.