மறு: கிரிட்லாக் – ‘முட்டுக்கட்டை’ போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> அமெரிக்க அரசின் கடன் பிரச்சினை பற்றி ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன். டெட் சீலிங், கிரிட்லாக், டிஃபால்ட் மூன்றுக்கும் கடன் உச்சவரம்பு, முட்டுக்கட்டை, திவால் என்று போடலாமா?

முதலாவது சரி, அரசு இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக்கூடாது என்று சட்டம் வைக்கும் வரம்புதானே அது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து ‘உச்சவரம்பு’ கிராமத்துக்கும் தெரிந்த சொல். ‘கடன் கூரை’ என்று ஓரிடத்தில் பார்த்தேன், ஓட்டு வீடுதான் ஞாபகம் வருகிறது.

‘திவால்’ வேண்டவே வேண்டாம். அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 2011 ஆகஸ்டில் ஒரு நாளிதழில் பன்னாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது ‘திவால் விளிம்பில் அமெரிக்கா’ என்று தலைப்பு வைத்தேன். ஆகஸ்ட் 5 அன்று, கடன் வாங்குவோரின் நம்பகத்துக்குத் தரம் போடும் எஸ் அண்டு பி நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை முதல்முறையாக ஒரு படி இறக்கியது. அடுத்த திங்கட்கிழமை அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 634 புள்ளி சரிந்தது. ஆனால் பங்குகளை விற்றுவிட்டுப் பயந்து ஓடியவர்கள் எதை வாங்கினார்கள்? அதே அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களைத்தான்! திவாலானவனிடம் யாராவது வலியப் போய்க் கடன் கொடுப்பார்களா?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. அங்கே அந்நியச் செலாவணி உண்மையிலேயே வற்றியிருந்தது. திவாலை ‘வங்குரோத்து’ என்று சொல்லும் ஈழத்து நண்பர்கள் அப்படி எழுதினால் பொருந்தும். வாஷிங்டன் கதை வேறு. செலவுக்கும் வரிக்கும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், முன்பே ஒப்புதல் கொடுத்தாயிற்று. இடையில் விழும் துண்டுக்குக் கடன் வாங்க உச்சவரம்பை உயர்த்த வேண்டும், அதற்குத் தனியாக ஒரு வாக்கெடுப்பு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கல்யாணத்தை நடத்தி, பந்தியும் முடிந்துவிட்டது. சமையல்காரர் வாசலில் நிற்கிறார், கடன் கொடுப்பவரும் தயார். பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறான் தம்பி. இதுதான் நிலைமை.

ஆகவே ‘தவணை தவறல்’ என்று எழுதுங்கள். ஏன் தவறியது என்பதற்குள் போகாமல், தவறியதை மட்டும் சொல்கிற சொல். 1979-இல் உச்சவரம்பைக் கடைசி நேரத்தில் உயர்த்தி, அலுவலக இயந்திரக் கோளாறும் சேர்ந்துகொண்டதால், சிறு முதலீட்டாளர்கள் சிலருக்கு முதிர்ந்த பத்திரங்களின் பணம் தாமதமாகப் போனது. அது தவணை தவறல். அதைத் திவால் என்றால் சிரிப்பார்கள்.

இனி கிரிட்லாக். எனக்குத் தூக்கம் கெட்டது இதனால்தான்.

எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் வடம் பிடிக்கிறவர்களைப் பார்க்கவே மாட்டார், கண் முழுக்கச் சக்கரத்தின் மேல்தான் இருக்கும். குனிந்து ஆப்பைத் திணித்துவிட்டு, சக்கரம் ஏறுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில். அதாவது, முட்டுக்கட்டை என்றாலே அதைப் போட்ட ஒருவர் உண்டு. கிரிட்லாக் நகரத்து நாற்சந்தியிலிருந்து வந்த சொல். நாலு பக்கத்திலிருந்தும் வண்டிகள் உள்ளே நுழைந்து, ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று, எதுவுமே நகராது. யாரும் கட்டை போடவில்லை, எல்லோருமே கட்டைதான்.

2011-இல் பிரதிநிதிகள் சபைக் குடியரசுக் கட்சியினர் செலவைக் குறைத்தால்தான் உச்சவரம்பு உயரும் என்று நின்றார்களே, அது முட்டுக்கட்டை இல்லையா என்று கேட்பீர்கள். அந்தச் செயல் முட்டுக்கட்டைதான். ஆனால் பிரதிநிதிகள் சபை ஒரு கட்சியிடம், நாடாளுமன்றத்தின் இன்னொரு அவையான செனட்டும் வெள்ளை மாளிகையும் இன்னொரு கட்சியிடம் என்று உறைந்து கிடந்த நிலைமைக்கு வேறு பெயர் வேண்டும். ‘இழுபறி’ நம்மூரில் தொகுதிப் பங்கீட்டுக்குப் போய்விட்டது, அதில் கயிறாவது நகரும். ‘முட்டுப்பாடு’ அழகான சொல், ஆனால் கையில் காசில்லாத நெருக்கடியையும் அது குறிக்கும். மேலே துரத்திய திவால் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும்.

என் பரிந்துரை: முட்டுநிலை. ‘கடன் உச்சவரம்பு முட்டுநிலை’ கொஞ்சம் நீளம்தான், வாய்க்குப் பழகிவிடும்.

> எதற்கு இத்தனை நுணுக்கம்? முட்டுநிலை, தவணை தவறல் இரண்டும் ஒரே நெருக்கடிதானே?

இல்லை ஐயா. தவணை தவறாமலே முட்டுநிலைக்குச் செலவு உண்டு. 2011-இல் சட்டம் நேரத்துக்குள் நிறைவேறியது, யாருக்கும் பணம் நிற்கவில்லை. ஆனாலும் அந்த இழுத்தடிப்பால் அந்த நிதியாண்டில் மட்டும் வட்டிச் செலவு 130 கோடி டாலர் கூடியதாக அந்த அரசின் தணிக்கை அமைப்பே கணக்கிட்டது. 2023-இல் ஜூன் 5-க்குப் பிறகு கையில் பணம் போதாது என்று நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் எச்சரித்திருந்தார். ஜூன் 3-இல் அதற்கான சட்டத்தில் அன்றைய அதிபர் பைடன் கையெழுத்திட்டார். ஆபத்து தாண்டியாயிற்று. ஆனால் ஆகஸ்டில், எஸ் அண்டு பி போலவே தரம் போடும் ஃபிட்ச் நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை இறக்கியது, திரும்பத் திரும்ப நடக்கும் இந்த உச்சவரம்புச் சண்டையையும் ஒரு காரணமாகச் சொல்லி. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்: ‘தவணை தவறவில்லை, முட்டுநிலைக்கே தரமிறக்கம்’?

‘அரசு முடக்கம்’ என்ற சொல்லை இதில் கலக்காதீர்கள். அது செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அலுவலகங்கள் மூடப்படுவது. 2013 அக்டோபரில் இரண்டும் ஒன்றாக வந்து தொலைத்ததால் குழப்பம் ஒட்டிக்கொண்டது.

கட்டுரையில் ‘எக்ஸ் டேட்’ வந்தால், அரசின் கையிருப்பு தீரும் நாள் என்று விரித்தே எழுதிவிடுங்கள். சுருக்கமாக ‘தீர்நாள்’ என்று வைக்கலாம் என்று எனக்கு ஒரு சபலம். புணர்ச்சி சரியில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.