தேவாலாவில் தங்கம் அள்ளினார்களா?

பந்தலூர்க்காரன்:
காலையிலிருந்து நாலு பேர் ஒரே வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தம்பி கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் பழைய சுரங்க வாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, "இதுதான் தமிழ்நாட்டின் கோலார். வெள்ளைக்காரன் டன் கணக்கில் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனான். அந்தத் தங்கத்தில் எழுந்த ஊர்தான் கூடலூர்" என்று அடித்து விடுகிறார். கேட்கவே வயிறு எரிகிறது.

யாரும் அள்ளவில்லை. 1870களில், அப்போது வயநாட்டில் சேர்ந்திருந்த இந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் இலைநோயிலும் தண்டுத் துளைப்பான் பூச்சியிலும் படுத்துவிட்டன. தோட்டத்தை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த துரைமாருக்கு, பாறையில் மின்னிய பொடி தெய்வமாக வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த பிரோ ஸ்மித்தை அரசாங்கம் வரவழைத்தது. 1880இல் அவர் நல்லபடியாக அறிக்கை கொடுத்தார். உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. படுத்துக்கிடந்த காப்பித் தோட்டமெல்லாம் தங்கத் தோட்டம் என்று விலை போனது. இயந்திரம் ஏற்றிப் பாறையை அரைத்துப் பார்த்தால், அவுன்ஸ் கணக்கில் எதிர்பார்த்தது பென்னிவெயிட் கணக்கில் வந்தது. ஒரு பென்னிவெயிட் ஒன்றரை கிராம். ஒரு டன் பாறையை அரைத்தால் அதில் சில பென்னிவெயிட்! சில வருடத்தில் கடையைக் கட்டினார்கள். காசு பார்த்தது தோட்டத்தை விற்றவனும் பங்கை விற்றவனும்தான்.

தேவாலாக்காரன்:
அண்ணே, ஒரே ஒரு கேள்வி. தங்கம் இல்லையென்றால் சுரங்கம் எதற்கு? பொழுது போகாமலா மலையைக் குடைந்தான்? என் தாத்தா மழை விட்டதும் ஓடை மணலை அலசுவார். அப்படி எடுத்த தங்கத்தில் என் பெரிய அத்தைக்குத் தோடு செய்து போட்டார். அந்தத் தோடு இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து தங்கம் இல்லை என்று சொல்லுங்கள்.

பந்தலூர்க்காரன்:
தம்பி, இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அள்ளவில்லை என்றேன். திரும்ப ஒரு முறை படியுங்கள்.

தேவாலாக்காரன்:
படித்தேன். "அள்ளினவன் இல்லை" என்றால் "தங்கம் இல்லை" என்றுதான் அர்த்தம். தங்கம் இல்லையென்றால் சுரங்கம் எதற்கு?

சேரம்பாடி டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். "தங்கம் இருந்தது" என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் பேசிக்கொள்ளலாமே. ஓடை மணலில் ஒரு குடும்பம் அலசி எடுக்கிற அளவு இருப்பது வேறு. இயந்திரம் போட்டு எடுத்தால் செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவு இருப்பது வேறு. அதை முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தேவாலாக்காரன்:
டீச்சர், தங்கம் தங்கம்தான். அதில் வேறு வேறு கிடையாது.

பந்தலூர்க்காரன்:
டீச்சர், பிரச்சினை பொருளில் இல்லை. "டன் கணக்கில் அள்ளினான்" என்று ஒருவர் சொல்கிறார், அது பொய். அவ்வளவுதான். கோலார் 1880இல் தொடங்கி 2001 வரை ஓடியது. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். தேவாலாவில் ஒருவன் சில நூறு அடி போயிருந்தாலே பெரிசு. இதைக் கொண்டுபோய் அதோடு ஒப்பிடுகிறார்.

தேவாலாக்காரன்:
நீங்களே வழிக்கு வந்தீர்கள். கோலாரும் முதலில் படுத்ததுதான். இருந்த பணமெல்லாம் போய் மூடப்போகிற நேரத்தில்தான் பாறையில் நல்ல தங்க ரேகை கிடைத்தது. அந்தப் பொறுமை இங்கேயும் இருந்திருந்தால்? மழைக்கும் மலைக்காய்ச்சலுக்கும் பயந்து ஓடினவன் குற்றத்தை எங்கள் மண்மேல் போடாதீர்கள். தேவாலா மண்ணைக் குறைத்துப் பேச பந்தலூரில் இருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

பந்தலூர்க்காரன்:
பந்தலூரும் அதே ஆட்டத்தில்தான் எழுந்து அதே ஆட்டத்தில் விழுந்தது. குறைத்துப் பேசி எனக்கு என்ன ஆகப்போகிறது? 1887இல், அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் சயனைடு முறை வந்தது. கோலாரில் கழிவு மணலிலிருந்துகூட அதை வைத்துத் தங்கம் பிரித்தார்கள். அந்த முறை வந்த பிறகும் தேவாலாவில் ஒரு ஆலை நிலைத்ததா? கட்டுப்படியாகும் என்றால் வெள்ளைக்காரன் விட்டிருப்பானா?

மழைமானி:
வீடியோவில் இன்னொரு தப்பையும் யாரும் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் ஊர் தேவாலா என்கிறார். அது வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லார்.

தேவாலாக்காரன்:
ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வானிலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மேலே எந்த ஊர் இருக்கிறது? தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி. சின்னக்கல்லாரை வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள்.

மழைமானி:
ஒரு நாள் மழை வேறு, வருடச் சராசரி வேறு. இதுகூடத் தெரியாமல்...

ஊட்டிவாசி:
மழையும் தங்கமும் இருக்கட்டும். கூடலூர் வரலாற்றை நீலகிரி வரலாறு என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. 1877 வரைக்கும் அது மலபார் வயநாட்டின் ஒரு துண்டு. நம்பாலாக்கோட்டை, முன்னநாடு, சேரங்கோடு எல்லாம் அந்த வருடம்தான் நீலகிரியோடு சேர்ந்தன. நீலகிரி என்றால் மேட்டு நிலம், படுகர், தோடர், கோத்தர்.

பந்தலூர்க்காரன்:
1877 தெரிந்தவருக்கு அதற்கப்புறம் 150 வருடம் நெருங்குகிறது என்பது தெரியவில்லையா? சேர்ந்த நாளிலிருந்து எங்கள் காட்டு ஈட்டி மரமும் தேக்கும் எங்கே போயின என்று கேளுங்கள். ஊட்டிக்காரர்களுக்குச் சீசனும் மலர்க் கண்காட்சியும். எங்களுக்கு லாரிச் சத்தம். இன்றைக்கும் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனுக் கொடுக்க, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலை ஏற வேண்டும்.

ஊட்டிவாசி:
நான் சொன்னது வரலாறு. நீங்கள் சொல்வது புலம்பல்.

தேவாலாக்காரன்:
இதில் மட்டும் நான் பந்தலூர் அண்ணன் பக்கம். ஊட்டிக்காரர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தங்கம் இல்லையென்றால் சுரங்கம் எதற்கு?

ஓடைக்கரை:
இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்காரன், துரை, தாத்தா எல்லோரும் வந்தாயிற்று. எங்கள் பெயர் ஒரு வரியிலாவது வந்ததா? கம்பெனி வருவதற்கு முன்பே ஓடையில் நின்று மரத்தட்டில் மணல் அலசினவர்கள் பணியரும் குறும்பரும். அலசினதை நிலத்துக்குச் சொந்தக்காரனான ஜன்மிக்குக் கொடுத்துவிட்டு நெல் வாங்கிப் போனவர்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில் ஒரு வருட வேலைக்கு ஆளைப் பேசி முடித்துக் கூட்டிப்போன வழக்கம் எங்கள் பாட்டி காலத்துக் கதை. நிலம் கைமாறினால் ஆளும் கைமாறினார்கள். யார் அள்ளினார்கள் என்பதுதானே உங்கள் சண்டை? அள்ளின கை எங்களுடையது. எங்கள் வீட்டில் தோடு இல்லை.

தேவாலாக்காரன்:
தங்கச்சி, அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் சொல்வதும் தங்கம் இருந்தது என்றுதானே? அண்ணன் கவனிக்கட்டும்.

ஓடைக்கரை:
நான் சொன்னதில் உங்களுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்ததா?

பந்தலூர்க்காரன்:
அந்தத் தங்கச்சி சொன்னதுதான் முழு உண்மை. அதை உங்கள் தோட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அது அநியாயம்.

நான் ஏன் இதை இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். சொல்கிறேன். எங்கள் லைன் வீட்டில் என் கண்முன் வளர்ந்த பையன். தோட்டத்தில் கூலி பற்றவில்லை என்று, பழைய சுரங்கத்துக்குள் ராத்திரியில் டார்ச் வைத்துக்கொண்டு இறங்கினவர்களோடு போனான். உள்ளே மண் சரிந்தது. வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. அவன் அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போகிறார். தப்பித்து வந்தவர்களும் பாறைப் பொடியில் பாதரசம் கலந்து, வீட்டு அடுப்பிலேயே சூடு காட்டிப் புகை விடுகிறார்கள். அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கின்றன. "டன் கணக்கில் இருந்தது, வெள்ளைக்காரன் பாதியில் விட்டுப்போனான்" என்று ஒருவன் சொல்லும்போது, அடுத்த பையன் கயிறும் டார்ச்சும் தேடுகிறான். வீடியோ போட்டவருக்குப் பார்வை எண்ணிக்கை ஏறும். பாடை எங்கள் தெருவில் போகும்.

சேரம்பாடி டீச்சர்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் இரண்டு பையன்கள் இப்படிப் படிப்பை விட்டார்கள்.

தேவாலாக்காரன்:
பையனுக்காக வருத்தப்படுகிறேன், அண்ணே. மனசார. ஆனால் பையன்கள் உள்ளே போகிறார்கள் என்றால் ஏதோ கிடைப்பதால்தானே? அதுவே அத்தாட்சி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கினவர்கள். எங்கள் ஓடையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பந்தலூர்க்காரன்:
இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றினீர்களா? ஆமாம், கப்பலில் வந்தோம். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு எங்களை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். எங்களைக் கேட்கவில்லை. 1968இல் வனத்துறை தேயிலை போட ஆரம்பித்தது. அட்டை கடிக்க, யானை விரட்ட, அந்தச் சரிவுகளில் செடி நட்டது என் அப்பாவும் அம்மாவும். டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை நாடு அறிந்தது அந்தக் கைகளால். வந்தவன் என்பதால் வரலாறு பேசக் கூடாதா? அப்படியானால் உங்கள் தாத்தா எங்கிருந்து மலை ஏறி வந்தார் என்று சொல்லுங்கள். ஓடைக்கரைத் தங்கச்சியைத் தவிர இங்கே யாரும் வராமல் இருந்தவர் இல்லை.

இந்த ஊர் தங்கத்தில் எழவில்லை. மரத்திலும் மண்ணிலும் எழுந்தது. நிலமெல்லாம் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் குத்தகைக்கு விட்ட தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவு நிலம் என்று ஒன்று இன்னும் தீராமல் கிடக்கிறது. பட்டா கிடையாது. பல வீடுகளுக்குக் கரண்டு இழுக்கக்கூட வருடக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து அதே கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட வழக்குத்தான் நாடு முழுவதற்கும் வனப் பாதுகாப்புச் சட்டம்போல மாறியது. பாண்டியாறும் புன்னம்புழாவும் மேற்கே சாலியாற்றில் கலக்கின்றன. அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் எத்தனையோ வருடமாகப் பேச்சில் மட்டும் ஓடுகிறது. மரம், மண், தண்ணீர், மிளகு, தேயிலை என்று பேச எவ்வளவோ இருக்கிறது. ஒரு ஆள் சுரங்கத்துக்கு முன்னால் நின்று கையை ஆட்டினால் அதுதான் வரலாறா?

ஊட்டிவாசி:
கோவிலகம், சாலியாறு, வள்ளியூர்க்காவு. நான் சொன்னதைத்தான் நீங்களே நிரூபிக்கிறீர்கள். இது மலபார்க் கதை.

பந்தலூர்க்காரன்:
உங்களோடு பேச நான் தயாரில்லை.

மழைமானி:
சின்னக்கல்லார் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

தேவாலாக்காரன்:
அண்ணன் பட்டாவுக்குப் போய்விட்டார், கரண்டுக்குப் போய்விட்டார், ஆற்றுக்கும் போய்விட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. கடைசியாகக் கேட்கிறேன். தங்கம் இல்லையென்றால் சுரங்கம் எதற்கு?

பந்தலூர்க்காரன்:
லண்டனில் பங்கு விற்பதற்கு! முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். சுரங்க வாய் ஒன்று காட்டினால்தானே அங்கே காகிதம் விலை போகும்? சரி, உங்கள் அத்தை தோட்டையே எடுத்துக்கொள்வோம். அது எத்தனை கிராம்? உங்கள் தாத்தா எத்தனை மழைக்காலம் அலசினார்? கணக்கைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

தேவாலாக்காரன்:
எங்கள் வீட்டுத் தோட்டை நிறுத்துப் பார்க்க நீங்கள் யார்?