மறு: சர்வ்லெட் கன்டெய்னர் – கொள்கலனா, பேணியா?

நண்பர்களுக்கு வணக்கம். வலைக் கோரிக்கைக்கு மறுமொழி தரும் சிறிய ஜாவா நிரல் சர்வ்லெட். அதை இயக்கும் மென்பொருள் சர்வ்லெட் கன்டெய்னர். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் பேச்சு.

> கன்டெய்னர் என்றால் கொள்கலன். அகராதியிலேயே இருக்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

முந்தைய மடலில் ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். போன வருடம் வரை நானும் கொள்கலன் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். டாம்கேட் என்ற சர்வ்லெட் கன்டெய்னரைப் பற்றி நான் எழுதிய பயிற்சிக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "புதிய வார் கோப்பை வெப்ஆப்ஸ் அடைவில் வைத்துவிட்டு, கொள்கலனைப் புதிதாகத் தொடங்கவும்." வார் கோப்பு என்பது ஜாவா வலைப் பயன்பாட்டை மொத்தமாகக் கட்டி வைக்கும் கோப்பு. அந்தக் குறிப்பை வைத்துப் படித்த கல்லூரி மாணவி ஒருவர் டாக்கருக்குள் (மென்பொருளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் கருவி) டாம்கேட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். கொள்கலன் என்றதும் டாக்கர் கொள்கலனை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிட்டார். உள்ளே வைத்த வார் கோப்பு பழைய கொள்கலனோடு போய்விட்டது. ஒரு மாலை முழுக்கத் தேடிவிட்டு எனக்கு எழுதினார். நான் எழுதியதைத்தான் அவர் செய்திருந்தார். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

டாக்கருக்குக் கொள்கலன் பொருத்தமான பெயர். கப்பலில் ஏற்றும் இரும்புப் பெட்டியைப் போல, உள்ளே இருப்பதை அப்படியே மூடி எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். ஆங்கிலத்திலும் அந்த உருவகம்தான். டாம்கேட் அப்படிப்பட்ட பெட்டி இல்லை. அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயரைத் தேடலாம் என்பது என் கருத்து.

உலாவியிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது. 8080 துறையில் (போர்ட்) காத்திருந்து அதை வாங்கிப் படிப்பது டாம்கேட்டின் கொயோட்டி என்ற பகுதி. கொயோட்டி அதைக் கேட்டலினா என்ற இன்னொரு பகுதியிடம் கொடுக்கிறது. எந்தச் சர்வ்லெட்டுக்கு உரிய கோரிக்கை இது என்று கண்டுபிடிப்பது கேட்டலினா. அந்தச் சர்வ்லெட் இன்னும் உருவாகவில்லை என்றால் கேட்டலினாவே உருவாக்கி, அதைத் தயார்ப்படுத்தும் இனிட் செயற்கூற்றை (மெத்தட்) ஒரே ஒரு முறை அழைக்கிறது. பிறகு ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வீஸ் செயற்கூற்றை அழைக்கிறது. பொதுவாக ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே உருதான் (இன்ஸ்டன்ஸ்) நினைவகத்தில் இருக்கும். அதற்குள் பல இழைகள் (த்ரெட்) ஒரே நேரத்தில் போய்வரும். நாம் எதையும் மாற்றாவிட்டால் 200 இழைகள் வரை டாம்கேட் வைத்துக்கொள்ளும். பயன்பாட்டை நிறுத்தும்போது டிஸ்ட்ராய் செயற்கூற்றை அழைத்து விடைகொடுத்து அனுப்புவதும் கேட்டலினாதான். ஆக, பிறப்பு முதல் இறுதி வரை எல்லாவற்றையும் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஒன்றை, வெறுமனே கொண்டிருக்கும் கலம் என்று சொன்னால் பாதி வேலை மறைந்துவிடுகிறது.

> எளிதாக வலை வழங்கி என்றே சொல்லிவிடலாமே?

வெப் சர்வரைத்தான் வலை வழங்கி என்கிறோம். அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. டாம்கேட் நிலையான கோப்புகளையும் நேரடியாகத் தரும். ஆனால் நம் ஊரில் அப்பாச்சி என்றாலே எல்லோரும் நினைப்பது அப்பாச்சி ஹெச்டிடிபி சர்வரை. அதுவும் டாம்கேட்டும் ஒரே அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள்கள், வேலை வேறு. முன்னால் ஹெச்டிடிபி சர்வரையும் பின்னால் டாம்கேட்டையும் நிறுத்துவது பழைய வழக்கம். இரண்டுக்கும் வலை வழங்கி என்றால் அந்த அமைப்பை மாணவருக்கு எப்படி விளக்குவது? 'செயலி வழங்கி'யும் (அப்ளிகேஷன் சர்வர்) சரிவராது. பெரிய ஜாவா பயன்பாடுகளுக்கான தரங்களின் தொகுப்பான ஜகார்த்தா இஇ முழுவதையும் தருகிற கிளாஸ்ஃபிஷ், வைல்டுஃபிளை போன்றவைதான் அந்த வகை. டாம்கேட் தருவது சர்வ்லெட், ஜேஎஸ்பி, வெப்சாக்கெட் போன்ற சில பகுதிகளை மட்டும். அப்புறம், செயலி என்ற சொல்லே பழைய நூல்களில் பிராசசர், இன்றைக்கு ஆப். அந்தக் குழப்பத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம்.

சர்வ்லெட்டுக்குச் சிலர் குறுவழங்கி என்று எழுதுகிறார்கள். உலாவிக்குள் ஓடிய சிறு ஜாவா நிரலான ஆப்லெட் குறுநிரல் ஆனபோது இது குறுவழங்கி ஆவது இயல்புதான். ஆனால் சர்வ்லெட் எந்தத் துறையிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தானாக ஓடவும் ஓடாது. அழைத்தால் மறுமொழியைத் தரும், அவ்வளவுதான். அதனால் வழங்குநிரல் என்று எழுதிப் பார்த்தேன். வழங்கிய, வழங்குகின்ற, வழங்கும் நிரல் என்று வினைத்தொகையாக விரியும். வழங்கி என்ற மூலச்சொல்லின் உறவும் விட்டுப்போகாது. ஏவல்நிரல் என்று ஒரு தோழர் சொன்னதும் பொருளில் மிகச் சரி. ஆனால் பில்லி, சூனியம், ஏவல் என்று ஊரில் சேர்த்துச் சொல்லும் சொல் அது. வகுப்பில் முதல் நாளே பாடம் திசைமாறிவிடும்.

இனி பேணிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, "அந்தப் பேணியை எடுங்கோ" என்றார். எடுத்துக் கொடுத்தது ஒரு தகர டப்பா. அங்கே பால்மாப் பேணி, மீன் பேணி, தண்ணீர் குடிக்கிற மூக்குப் பேணி என்று கலத்துக்கு அன்றாடம் புழங்கும் சொல் அது. எனக்கோ பேணு என்ற வினைதான் முதலில் காதில் விழுந்தது. பெற்றோரைப் பேணுவது, உடம்பைப் பேணுவது. வழங்கு வழங்கியானது போல, இயக்கு இயக்கியானது போல, பேணு பேணியாகும். கலம் என்ற பொருளும், காத்துப் பார்த்துக்கொள்வது என்ற பொருளும் ஒரே சொல்லில். இந்த இரண்டும் சேர்ந்ததுதானே டாம்கேட் செய்யும் வேலை! வீட்டுக்கு வந்ததும் குறிப்பு முழுவதிலும் மாற்றிப் படித்துப் பார்த்தேன். ஓர் இடத்திலும் இடறவில்லை.

வரக்கூடிய மறுப்புகளையும் யோசித்தேன். பேணி என்பது வினையெச்சமும் ஆயிற்றே என்று கேட்கலாம். வழங்கி, இயக்கி, உலாவி எல்லாமே அப்படித்தான், யாரும் குழம்பியதில்லை. தமிழ்நாட்டில் பேணி என்றால் கல்யாணப் பந்தியில் பால் ஊற்றிச் சாப்பிடும் இனிப்பு. வழங்குநிரல் பேணி என்று முழுதாக ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த நினைப்பு போய்விடும்.

டாம்கேட் என்ற பெயரைக் கடுவன் (ஆண் பூனை) என்று மாற்றலாம் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. அது சிறப்புப் பெயர், அப்படியே இருக்கட்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் இதை எழுதியபோது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் விலங்கு என்றுதான் இந்தப் பெயரைத் தேர்ந்தார். 1999இல் நிரல் அப்பாச்சியிடம் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஜகார்த்தா இஇயின் முந்தைய வடிவமான ஜாவா இஇ எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனபோது ஜாவாஎக்ஸ் என்ற பொதிப்பெயரைத் தொடர முடியாமல் ஜகார்த்தா என்று மாற்றினார்கள். டாம்கேட் 9இல் ஓடிய பயன்பாடுகள் அந்த ஒரு பெயருக்காகவே திருத்தாமல் டாம்கேட் 10இல் ஓடவில்லை. தமிழில் இந்தத் துறைக்குப் பாடங்கள் இப்போது கொஞ்சம்தான் இருக்கின்றன. நூறு பக்கம் எழுதிய பிறகு சொல்லை மாற்றுவதைவிட இப்போதே பேசி முடிப்பது எளிது.

என் குறிப்பில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "டாக்கர் கொள்கலனுக்குள் டாம்கேட் பேணி ஓடுகிறது. பேணியை மட்டும் மீண்டும் தொடங்கவும், கொள்கலனைத் தொட வேண்டாம்." அந்த மாணவிக்கு அனுப்பினேன். புரிகிறது என்றார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கேட்டலினாவின் நிரலைத் திறந்து பார்த்தால் எஞ்சின், ஹோஸ்ட், கான்டெக்ஸ்ட், ராப்பர் நான்குமே கன்டெய்னர் வகை, ஒன்றுக்குள் ஒன்று. பேணிக்குள் பேணி என்பது அங்கே உண்மையாகவே பொருந்துகிறது. எஞ்சினுக்குப் பொறி, ஹோஸ்டுக்கு ஓம்புநர், கான்டெக்ஸ்டுக்குச் சூழல் என்று போட்டிருக்கிறேன். ஒரே ஒரு சர்வ்லெட்டைச் சுற்றி நிற்கும் ராப்பருக்கு உறை என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. இலங்கை நண்பர்கள் வீட்டில் புழங்கும் சொல் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.